கலெக்டர் அலுவலகத்துக் காப்பீட்டு அட்டைப் பதிவு: சேவை எப்படி இருக்கிறது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் தொடங்கி மருத்துவமனையிலேயே முடித்துவிடுகிறார்கள். இதய அறுவை சிகிச்சைக்கு அனுமதி கிடைத்ததா, டயாலிசிஸ் தடையில்லாமல் நடக்கிறதா, தனியார் மருத்துவமனை மேற்கொண்டு பணம் கேட்டதா என்பவை பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தக் காப்பீடும் இல்லாத, அன்றாடக் கூலியில் வாழும் ஒரு குடும்பத்தை அந்தத் திட்டத்துக்குள் பெயர் எழுதிச் சேர்க்கும் வேலை அது. அந்தப் பதிவுச் சேவையை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். எங்கள் பகுதியில் அட்டை இல்லாத குடும்பங்களுக்குத் தாள்களைச் சேர்த்துக்கொடுத்து, தேவைப்பட்டால் உடன் சென்றுவருவதைச் சில ஆண்டுகளாகச் செய்துவருவதால், வரிசையில் நிற்பவர்களின் பக்கத்திலிருந்து இந்தச் சேவையைப் பார்க்க வாய்த்திருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு மேசையில் நடக்கும் வேலை நன்றாக இருக்கிறது; அதற்குக் கட்டணம் இல்லை, தாள்கள் சரியாக இருந்தால் இழுத்தடிப்பும் இல்லை. அந்த மேசைவரை ஓர் ஏழைக் குடும்பம் வந்து சேரும் வழிதான் நீளமாகவும் துணையில்லாததாகவும் இருக்கிறது. அட்டை கைக்கு வந்த பிறகு, அதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கிச் சொல்லும் ஏற்பாடு அறவே போதாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைத்து "திட்டம் நல்லது" என்றோ "திட்டம் சரியில்லை" என்றோ சொல்வது இரு தரப்புக்குமே நியாயம் ஆகாது.

திட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பதிவில் வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் இது தொடங்கியது; 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயரில், யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் வழியாக நடந்துவருகிறது; 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது; 2022 ஜனவரியில் மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை இது ஏற்கிறது. கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று, காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் கருவி போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதியமும் இருக்கிறது. 2022 புதுப்பித்தலின்போது குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. அதை அரசே செலுத்துகிறது, குடும்பம் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பெயர்களும் கட்டங்களும் மாறியதால், 2009இல் வாங்கிய பழைய அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்துக்கொண்டு "எங்களுக்குக் கார்டு இருக்கிறது" என்று நம்பியிருக்கும் முதியவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த அட்டையோடு மருத்துவமனைக்குப் போன பிறகுதான் தங்கள் பெயர் இப்போதைய பட்டியலில் இல்லை என்று அவர்களுக்குத் தெரியவருகிறது.

இனிச் சேவைக்கு வருகிறேன். பதிவு மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. கொண்டுபோக வேண்டியவை குடும்ப அட்டை, வருமானச் சான்று, குடும்பத்தினரின் ஆதார். வருமானச் சான்றைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறையின் பிற அலுவலரிடமோ பெற்றிருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் மேசையில் இருப்பவர் விவரங்களைக் கணினியில் ஏற்றிப் புகைப்படம் எடுத்து வேலையை முடித்துவிடுகிறார். நான் பார்த்தவரையில் இந்த மேசைகளில் இருப்பவர்கள் பொறுமையாகவே நடந்துகொள்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் "நீங்க உட்காருங்கம்மா, நானே பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெயரின் எழுத்து மாறியிருந்ததைத் தாமே கண்டுபிடித்து, எங்கே போய்த் திருத்த வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்த ஊழியரைப் பார்த்திருக்கிறேன். அரசு அலுவலகத்தில் கிடைக்கக்கூடிய மிக நல்ல உபசரிப்பு அது. இந்த மேசைக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் நல்ல மதிப்பெண் தருகிறேன்.

குறை இடத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் ஒரே இடத்தில் பதிவு என்றால், மாவட்டத்தின் விளிம்பில் இருக்கும் மலைக்கிராமத்துக் குடும்பத்துக்கும் கடலோரக் குப்பத்துக் குடும்பத்துக்கும் அது ஒரு முழுநாள் பயணம். கூலி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் இரண்டு சம்பளம், பேருந்துக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு. அட்டை இலவசம்தான், ஆனால் அதை வாங்கப் போவது இலவசமாக முடிவதில்லை. ஒரு தாள் குறைந்து திருப்பி அனுப்பப்பட்டால் அந்தச் செலவு அப்படியே மறுபடியும் வருகிறது. நோய் எதுவும் இல்லாத நாளில், என்றோ வரக்கூடிய ஒரு நோய்க்காக இத்தனையையும் செலவழித்து வா என்று கேட்டால், அடுத்த வாரத்து அரிசிக்கே கணக்குப் பார்க்கும் குடும்பம் தள்ளிப்போடத்தான் செய்யும். அதை அலட்சியம் என்று சொல்லுகிறவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது வருமானச் சான்று. இந்தச் சேவையின் உண்மையான வாசல் இதுதான், கலெக்டர் அலுவலகத்து மேசை அல்ல. பெரும்பாலானோர் இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே முதலில் குடிமக்கள் அணுகல் எண் என்ற ஒன்றை உருவாக்க வேண்டும். ஆதாரும் குடும்ப அட்டையும் புகைப்படமும் ஏற்ற வேண்டும். 60 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகிறது, அவர் பார்த்தபின் வருவாய் ஆய்வாளருக்கு, அதன் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு. ஒவ்வொரு படியிலும் நிற்கலாம், திரும்பலாம். நின்றுவிட்டது என்பதைக் கைப்பேசிக் குறுஞ்செய்தி சொல்லும். அந்தக் கைப்பேசி எண் இ-சேவை மையக்காரருடையதாகவோ பக்கத்து வீட்டுப் பையனுடையதாகவோ இருந்தால் விண்ணப்பதாரருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. நான் உடன் செல்லும்போது முதலில் கேட்பது எந்த எண்ணைக் கொடுத்தீர்கள் என்பதுதான். பல தடங்கல்களின் மூலம் அங்கேதான் அகப்படுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் வருமான வரம்பு. நீண்ட காலம் ஆண்டுக்கு 72,000 ரூபாய் என்றிருந்த வரம்பு, 2022இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த மாற்றம் வரவேற்க வேண்டியது. அது வராமல் இருந்திருந்தால் இன்று திட்டத்தில் இருக்கும் பலர் வெளியில்தான் நின்றிருப்பார்கள். ஆனாலும் 1,20,000 என்பது மாதத்துக்கு 10,000 ரூபாய். ஒருவருக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். நாளுக்கு 600 ரூபாய் வாங்கும் ஒரு கட்டடத் தொழிலாளி மாதத்தில் 20 நாள் வேலை பார்த்தால் ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய், வரம்பைத் தாண்டிவிட்டார். அவருக்கே 16 நாள்தான் வேலை கிடைத்தது என்றால் 1,15,200 ரூபாய்; வரம்புக்குள் வந்துவிட்டார். எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பதற்கு அவரிடமும் கணக்கு இல்லை, மேஸ்திரியிடமும் கணக்கு இல்லை. மழைக்காலத்தில் வேலையே இல்லை, பொங்கலுக்குப் பிறகு தொடர்ந்து இருக்கும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மனைவி இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கினால் அதையும் கூட்ட வேண்டும். இப்படி அளக்கவே முடியாத ஒன்றை அளந்து ஓர் எண்ணாக எழுதும் பொறுப்பைக் கிராம நிர்வாக அலுவலரின் தலையில் போட்டிருக்கிறோம். இரக்கமுள்ளவர் ஊர் நிலவரம் அறிந்து எழுதுகிறார். பயந்தவர் அல்லது புதிதாக மாற்றலாகி வந்தவர் "சம்பளச் சீட்டு கொண்டுவா" என்கிறார். கொத்தனாருக்கு யார் சம்பளச் சீட்டு கொடுப்பார்கள்?

2009இல் திட்டம் தொடங்கியபோது வருமானச் சான்று ஒரு வழியாகவும், அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் உறுப்பினராக இருப்பது இன்னொரு வழியாகவும் இருந்தது. அந்த வாரியங்கள் அப்போது 26 என்று அறிவிக்கப்பட்டிருந்தன. கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், சலவைத் தொழிலாளி, கைத்தறி நெசவாளர் என்று தொழிலை வைத்தே தகுதியை முடிவுசெய்யும் அந்த முறை, அளக்க முடியாத வருமானத்தை அளப்பதைவிட நேர்மையானது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பதிவு மேசையில் வாரிய அட்டையை மட்டும் காட்டிச் சேர முடியுமானால், நான் உடன் செல்லும் குடும்பங்களில் பலருக்கு யாருடைய துணையும் தேவைப்படாது.

குடும்ப அட்டையும் ஒரு தடைதான். திட்டம் குடும்பத்தைக் குடும்ப அட்டையை வைத்தே அடையாளம் காண்கிறது. அதில் பெயர் உள்ளவர்தான் குடும்பத்தவர். மாமியாரோடு சண்டையிட்டுத் தனிக்குடித்தனம் போன மருமகளின் பெயர் பழைய அட்டையிலேயே இருக்கும். பழைய வீட்டில் அந்த அட்டையைத் தர மாட்டார்கள். கணவன் விட்டுப்போன பெண், பிறந்த வீட்டு அட்டையிலும் இல்லாமல் புகுந்த வீட்டு அட்டையிலும் இல்லாமல் நடுவில் நிற்பாள். பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. அந்தக் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொல்லும் நாளில்தான் அவசரம் வருகிறது. இப்படி வந்த ஒரு தாயிடம் பதிவு மையத்தில், "அக்கா, கார்டுல பாப்பா பேரு ஏறலையே, மொதல்ல அதைப் பண்ணிட்டு வாங்க" என்று சொன்னார்கள். சொன்னவர் மேல் குற்றமில்லை, கணினி அவரை அனுமதிக்கவில்லை. ஆனால் பெயர் சேர்க்கும் வேலை உணவு வழங்கல் துறையில், அதற்கு வேண்டிய பிறப்புச் சான்று உள்ளாட்சி அலுவலகத்தில், ஆதார் வேறு மையத்தில். அந்தத் தாயின் கையில் நோயுற்ற குழந்தை இருந்தது. ஒரே வளாகத்தில் இருக்கும் அலுவலகங்களுக்கு இடையில்கூட ஒரு தாளை எடுத்துச் செல்லும் வேலை குடிமகனுடையதாகவே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இந்தச் சேவைக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண்ணே தர முடியும்.

இதற்கு நேர் எதிராக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவு நன்றாக வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நோயாளிகள் அதை "இன்சூரன்ஸ் ரூம்" என்கிறார்கள். அட்டை இல்லாமல் அனுமதிக்கப்பட்டவரின் உறவினரை அங்கே உட்காரவைத்து, பட்டியலில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று குடும்ப அட்டை எண்ணைக் கொண்டு தேடிப் பார்க்கிறார்கள். எத்தனையோ குடும்பங்கள் முன்பே சேர்க்கப்பட்டிருந்து, அட்டை தொலைந்துபோய், சேர்க்கப்பட்டதே மறந்துபோய் இருக்கின்றன. அந்தத் தேடலிலேயே வேலை முடிந்துவிடுகிறது. பெயர் இல்லையென்றால் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். நோயாளி மருத்துவமனையில் இருக்கிறார் என்பதற்கான கடிதத்தைக் காட்டினால் வருவாய்த் துறையிலும் கொஞ்சம் வேகம் கூடுகிறது.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை எல்லோருக்கும் இலவசம்தானே, அங்கே எதற்கு அட்டை என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஆனால் அட்டையுள்ள நோயாளிக்குச் செய்த சிகிச்சைக்கான தொகையைக் காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனையே பெறுகிறது. அந்தப் பணத்தில் கருவிகள் வாங்கவும் வசதிகளை மேம்படுத்தவும் முடிகிறது. செயற்கை மூட்டு, ஸ்டென்ட் போன்ற விலையுயர்ந்த பொருள்கள் தேவைப்படும் சிகிச்சைகளில் இந்த வருவாய்க்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அங்கே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அட்டை எடுத்துக்கொடுப்பது அடுத்து வரும் நோயாளிக்கும் சேர்த்துச் செய்யும் உதவி. இதை யாராவது பொறுமையாக விளக்கினால், "கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிலயும் கார்டு கேட்கிறாங்களே" என்று கசப்போடு திரும்புகிறவர்களின் மனம் மாறும்.

தனியார் மருத்துவமனைகளில் நிலைமை வேறு. திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் தொடர்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இருக்கிறார், சில இடங்களில் அவர் வாசலுக்கு அருகிலேயே தெளிவான பலகையோடு உட்கார்ந்திருக்கிறார், சில இடங்களில் மூன்றாவது மாடியில் கணக்குப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிறார். நான் அறிந்த ஒரு குடும்பம், முன்பணம் கட்டிய பிறகுதான் அந்த மருத்துவமனை திட்டத்தில் இணைந்தது என்பதையே அறிந்துகொண்டது. காப்பீட்டு அனுமதி பெறுவதற்கு முன் நோயாளி கையிலிருந்து கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. அனுமதிக்கும் முன்பே, "இது முதலமைச்சர் காப்பீட்டில் வருமா?" என்று கேட்டாக வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பெருந்தன்மை இருக்கிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் வாழ்பவர்கள் வருமான வரம்பு இல்லாமல் இதில் சேரலாம். ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வசிக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் தொழிலாளர் துறையின் சான்றோடு சேரலாம். ஆதரவற்ற குழந்தைகள் வளரும் இல்லங்களுக்கும் வழி இருக்கிறது. விதி இவ்வளவு விரிந்த மனத்தோடு எழுதப்பட்டிருக்க, பயன்படுத்துகிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதை, அவர்களுக்குத் தெரிந்த மொழியில் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களை அழைத்துவந்த ஒப்பந்தக்காரருக்கே தெரியவில்லை. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஓர் இளைஞனைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனபோது, ஊருக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். அந்த இளைஞன் எங்கள் ஊரில் வேலை செய்த காலம் ஆறு மாதத்துக்கும் மேல்.

அட்டைப் பதிவுக்காக நடத்தப்படும் முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இலும் 2012இலும் ஊர் ஊராக முகாம் போட்டுப் படம் எடுத்து அட்டை கொடுத்தார்கள். இன்று கையில் அட்டை இருக்கும் பல குடும்பங்கள் அப்படிச் சேர்ந்தவைதான். அண்மை ஆண்டுகளில் பல துறைகளும் ஒரே இடத்தில் மனு வாங்கும் முகாம்களிலும், பெரிய மருத்துவ முகாம்களிலும் காப்பீட்டுப் பதிவுக்கும் ஒரு மேசை போடப்படுகிறது. நான் பார்த்த அளவில், இந்தச் சேவை மிகச் சிறப்பாக நடப்பது அங்கேதான். காரணம் எளியது: வருமானச் சான்று தரும் வருவாய்த் துறையும், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் உணவு வழங்கல் துறையும், காப்பீட்டு மேசையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியில் வாரக்கணக்கில் அலையும் வேலை அங்கே பக்கத்து மேசைக்கு நடக்கும் வேலையாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டை முகாம் நாளோடு முடித்துவிடாமல், ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் வாரத்தில் ஒரு நாளாவது நிலையாக வைத்தால், மேலே நான் சொன்ன குறைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். புதிய சட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவையில்லை.

முகாமிலும் ஒரு குறை உண்டு. கூட்டம் மிகுந்து, அட்டை வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவர்களே முன்னால் நிற்கிறார்கள். படுக்கையில் இருப்பவர், தனியாக வாழும் முதியவர், பகல் முழுதும் செங்கல் சூளையில் இருப்பவர் ஆகியோர் முகாமுக்கு வருவதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலர்களுக்கு அந்த வீடுகள் எல்லாம் தெரியும். எந்த வீட்டில் அட்டை இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்பதை அவர்களால் ஒரே சுற்றில் எழுதித்தர முடியும். எங்கள் பகுதியில் ஓர் அக்கா இதைத் தாமாகவே செய்கிறார். அவர் சொல்லித்தான் பல குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. அதற்கென்று அவருக்கு யாரும் தனியாக ஊதியம் தருவதில்லை. தர வேண்டும்.

இடைத்தரகர்களைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. ஆட்சியர் அலுவலக வாசலிலும் சில கணினிக் கடைகளிலும் "கார்டு எடுத்துத் தருகிறேன்" என்று சில நூறு ரூபாய் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு முற்றிலும் இலவசம். இ-சேவை மையத்தில் சான்றுக்குக் கட்டும் 60 ரூபாயைத் தவிர வேறு எதையும் யாருக்கும் தர வேண்டியதில்லை. ஆனால் மனிதர்கள் அவர்களிடம் போவதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். எந்தத் தாள் எங்கே என்று சொல்லி, கூடவே வர ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளை அரசு தராதபோது சந்தை தந்துவிடுகிறது.

கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை, 1800 425 3993, பயனுள்ளது. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குத் திட்டம் செல்லும் என்று கேட்டால் பதில் சொல்கிறார்கள், புகாரையும் பதிவுசெய்கிறார்கள். இணையத்தளத்தில் குடும்ப அட்டை எண்ணைக் கொடுத்து, தங்கள் குடும்பம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தளம் படித்தவர்களுக்கு ஏற்றதாக இருக்கிறது. எளிய தமிழில், பெரிய எழுத்தில், கைப்பேசியில் பார்க்கும்படி இருந்தால் இன்னும் பலருக்கு உதவும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அட்டை கொடுக்கும் அந்தக் கடைசி நிமிடம். அட்டையைக் கையில் கொடுத்து "அவ்வளவுதான், போகலாம்" என்கிறார்கள். திட்டத்தில் எந்தச் சிகிச்சைகள் வரும், எவை வராது என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் போய் அட்டையை நீட்டி, "இதுக்கு வராது" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், அதன் பிறகு அந்த அட்டையையே நம்புவதில்லை. நாளை அவருக்குப் புற்றுநோய் சிகிச்சை தேவைப்படும்போது அட்டை அலமாரியில் கிடக்கும், அவர் வட்டிக்குக் கடன் வாங்கப் போய்விடுவார். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சை முறைகள் பட்டியலில் இருக்கின்றன. அவை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

அதனால் நான் உடன் செல்லும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாளில் சில வரிகளை எழுதி, அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். படிக்கத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் அதை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். அதில் இருப்பவை இவை: சாதாரணக் காய்ச்சல், இருமலுக்கு இந்த அட்டை உதவாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அறுவை சிகிச்சை, இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் அட்டையைக் காட்டுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், காப்பீட்டுத் தொடர்பு அலுவலர் எங்கே என்று முதலில் கேளுங்கள். சாலை விபத்தில் அடிபட்டால், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. அட்டை தேடி நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழையுங்கள். வீட்டில் குழந்தை பிறந்தாலோ, கல்யாணமாகி மருமகள் வந்தாலோ, அந்த மாதமே குடும்ப அட்டையில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அட்டை தொலைந்தால் பயப்பட வேண்டாம், குடும்ப அட்டை எண் போதும். அதன் கீழே, பெரிய எழுத்தில், 1800 425 3993.